கடிகாரத்தின் அங்க அடையாளங்கள்

பழைய சாமான் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியிலேயே நான் தோற்றுப்போனேன்.

“உங்க கடிகாரத்துல ரோமன் எழுத்தாம்மா, சாதா எழுத்தா?”

நான் பிறந்த வீட்டில் இருந்த கடிகாரம் அது. அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு அண்ணனோடு என் வீட்டுக்கு வந்து, கூடத்துச் சுவரில் இருபது வருடத்துக்கு மேல் தொங்கியது. வாரம் தவறாமல் அதைத் துடைத்தவள் நான். ஓய்வு பெறும்வரை அரசாங்க அலுவலகத்தில் கிராணியாக, குமாஸ்தா வேலையில் இருந்து, அடுத்தவர்களுடைய படிவங்களில் விடுபட்டதையெல்லாம் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தவளும் நான்தான். என் வீட்டுக் கடிகாரத்தின் படிவத்தில் ஒரு கட்டம்கூட என்னால் நிரப்ப முடியவில்லை.

“சாதா எழுத்துன்னுதான் நெனைக்கிறேன், பாய்” என்றேன். பிறகு, “ரோமனா இருந்தாலும் இருக்கும்” என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அறுபது வயதிருக்கும். வெள்ளைத் தொப்பி, கட்டம் போட்ட கைலி. கடைச் சுவரில் அவருக்குப் பின்னால் பதினொரு பெண்டுலக் கடிகாரங்கள், பதினொன்றும் ஆடிக்கொண்டிருந்தன, பதினொன்றும் வேறு வேறு மணி காட்டின. அதில் ஒன்று என்னுடையது. எது என்றுதான் தெரியவில்லை.

இந்த நிலைமைக்கு நான் எப்படி வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மலாக்கா பக்கம் புக்கிட் காத்திலில் எங்களுடையது ஒரு வரிசை வீடு. நானும் என் அண்ணனும் மட்டும் இருக்கிறோம். என் கணவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. மகள் கோலாலம்பூரில். அண்ணன் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவர், பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இனிப்பு நீர் வியாதி அவருடைய கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. இப்போது ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். அவ்வளவுதான்.

கண் போனபிறகு அவருக்கு நாளை நகர்த்திக்கொண்டு போனது அந்தக் கடிகாரம்தான். எட்டு அடித்தால் மாத்திரை. ஒன்று அடித்தால் சோறு. நாலு அடித்தால் வாசலில் நாற்காலி, தேத்தண்ணி. இரண்டு அடிக்கும்போது யாராவது அவரிடம் மணி மூன்று என்று சொன்னால் சண்டைக்கு வந்துவிடுவார். பார்வை இல்லாமல் போனாலும், யாரையும் மணி கேட்காமல் வாழ்கிறேன் என்ற கௌரவம் அவரிடம் இருந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் கடிகாரம் எப்போதும் பத்து நிமிடம் முந்தி ஓடும். பழுதில்லை. அண்ணன் வேலைக்குப் போன நாளில் பஸ்ஸைத் தாமதமாக எடுத்துவிடக்கூடாது என்று அப்படி வைத்தார். ஓய்வு பெற்ற பிறகும் மாற்ற விடவில்லை. அதனால் எங்கள் வீட்டில் இரண்டு நேரம் உண்டு. ஒன்று போன் மணி, இன்னொன்று கடிகார மணி. விருந்தாளிகள் சுவரைப் பார்த்துவிட்டுப் பதறிப்போய்க் கிளம்புவார்கள். பிடிக்காத விருந்தாளிகள் வந்தால் நாங்கள் வாயே திறப்பதில்லை.

மகள் ஒரு முறை பேசும் கடிகாரம் வாங்கி வந்தாள். பொத்தானை அமுக்கினால் ஒரு வெள்ளைக்காரப் பெண் குரல் மணி சொல்லும். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அண்ணன் அதை அலமாரியில் கைலிகளுக்கு அடியில் புதைத்துவிட்டார். “அந்தப் பொம்பள என்னை அதட்டுது” என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

இனி நான் செய்த காரியம்.

தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் அடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அடிக்காவிட்டால் பக்கத்து வீடுகள் நம்மை அடிக்கும், பார்வையால். சாயக்காரர் வருவதற்கு முதல் நாள் சுவரில் இருந்ததையெல்லாம் கழற்றினேன். சாமி படங்களை ஒரு துண்டிலும், கடிகாரத்தை ஒரு பழைய படுக்கை விரிப்பிலும் சுற்றி வாசலில் வைத்தேன். அதே வாசலில்தான் நான் கழித்துக் கட்டிய சாமான்களும் கிடந்தன: உடைந்த மின்விசிறி, பத்து வருடப் பத்திரிகைக் கட்டு, கைப்பிடி போன சட்டி. மத்தியானம் ‘சுராட் காபார் லாமா’ என்று ஒலிபெருக்கியில் பாடிக்கொண்டே பழைய பேப்பர் லாரி வந்தது. நான் அடுப்பில் குழம்பை விட்டுவிட்டு ஓடி வந்து, “எல்லாத்தையும் எடுத்துக்கோ, அம்பில் செமுவா” என்று கையை வீசிக் காட்டிவிட்டு ஓடினேன். குழம்பு அடிப்பிடிக்கவில்லை. அது ஒன்றுதான் அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்தது.

லாரிக்காரச் சீனர் சொன்னதைச் செய்யும் மனிதர். எல்லாத்தையும் எடுத்துக்கொண்டார்.

எனக்கு விஷயம் தெரிந்தது அன்று சாயந்திரம், அண்ணன், “மணி அடிக்கலையே?” என்று கேட்டபோதுதான். வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். சாமி படங்களை மட்டும் லாரிக்காரர் தொடவில்லை, துண்டில் பத்திரமாக இருந்தன. படுக்கை விரிப்பு இல்லை. சாமிகளைப் பார்த்தேன். அவர்களும் தடுக்கவில்லை.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

“சாயம் அடிக்கறப்பவே சுத்தம் பண்ணிடலாம்னு ரிப்பேருக்குக் கொடுத்துட்டேன்ணே.”

“நல்லதாப் போச்சு” என்றார் அவர். அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து நான் கடிகாரமானேன். வேறு வழியில்லை. எட்டு மணிக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கப் போவேன். ஒன்பது மணிக்கு, “மணி ஒம்பதுண்ணே” என்று போய்ச் சொல்வேன். பத்துக்கு மறுபடி. குற்ற உணர்ச்சி என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு நேரம் தவறாது. அதுவரை நான் அண்ணனிடம் சமையலறையிலிருந்து கத்துவதோடு சரி. சோறு தயார், துணி எடு, யாரோ கேட்டில் நிக்கிறாங்க. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை இருந்தால் அதிகம். இப்போது மணிக்கு ஒரு முறை அவர் எதிரில் போய் நிற்க வேண்டியிருந்தது.

போய் நின்றால் அதோடு விடுவாரா?

“மணி பதினொண்ணுண்ணே.”

“போன் மணியா, கடிகார மணியா?”

“கடிகாரம்தான் வீட்ல இல்லையே! போன் மணி.”

“அப்ப கடிகாரத்துக்குப் பதினொண்ணு பத்து. லேட்டா வந்திருக்கே.”

ஒரு நாள் இப்படிப் போய் நின்ற இடத்தில், மலாக்கா - தம்பின் சாலையில் ஒரு முறை பஸ்ஸுக்குள் ஆடு ஏறிய கதையைச் சொன்னார். நான் கேட்டதே இல்லை. இத்தனை வருடமாக வீட்டிலேயே இருந்த கதை. பதினொன்றுக்குப் போனவள் பன்னிரண்டுக்குத்தான் எழுந்தேன், எழுந்தபோதே, “மணி பன்னண்டு” என்று சொல்லிவிட்டேன். ஒரு நடை மிச்சம்.

இதற்கிடையில் தேடுதலும் நடந்தது. லாரிக்காரருடைய பழைய இரும்புக் கொட்டகை பாயா ரும்புட்டில் இருக்கிறது என்று விசாரித்து அங்கே போனேன். ‘ஜாம் லாமா’, பழைய கடிகாரம், என்று சுவரில் தொங்குவதுபோல் கையை ஆட்டிக் காட்டினேன். அவர் நானே பெண்டுலம் என்று நினைத்திருப்பார். புரிந்ததும், “சுடா ஜுவால்” என்றார். விற்றாயிற்றாம். யாரிடம்? டவுனில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் பழைய சாமான் கடை வைத்திருக்கும் பாயிடம்.

அப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் அந்தப் பதினொரு கடிகாரங்களுக்கு முன்னால் நின்றேன்.

பாய் பொறுமைசாலி. அதே சமயம் இந்த வேடிக்கையை விடுவதாகவும் இல்லை.

“சரிம்மா, எழுத்த விடுங்க. முகம் வட்டமா, எட்டு மூலையா?”

“வட்டம்... முள்ளு வட்டமாத்தான் சுத்தும்?”

“முள்ளு எல்லாத்துலயும் வட்டமாத்தான் சுத்தும். பெட்டியக் கேக்கறேன். நீளப் பெட்டியா, குட்டைப் பெட்டியா? மேல தலையில என்னா இருக்கும்? குதிரை இருக்கும், கழுகு இருக்கும், சும்மா கிரீடம் மாதிரி இருக்கும். சாவி போடற ஓட்டை ஒண்ணா ரெண்டா?”

“சாவி அண்ணன்தான் கொடுப்பாரு.”

“மணி அடிக்குமா?”

“அடிக்கும்!” என்றேன், ஒரு கேள்விக்காவது பதில் தெரிந்த சந்தோஷத்தில்.

“அப்ப ரெண்டு ஓட்டை. வலது பக்கம் ஓடறதுக்கு, இடது பக்கம் மணி அடிக்கறதுக்கு. ரெண்டும் தனித்தனி. ஒண்ணுக்குக் கொடுக்கலைன்னாலும் இன்னொண்ணு அது பாட்டுக்குப் போகும்” என்று விளக்கிவிட்டுக் கேட்டார்: “அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் திருவிழாவுல காணாமப் போனா எப்படி அடையாளம் சொல்லுவீங்க?”

“அவரு காணாமப் போக மாட்டாரு, பாய். போய்ட்டாரு.”

பாவம், நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் பயம் தெளிந்து சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு நாங்கள் சிநேகிதர்கள்.

அங்கேயே நின்று பாயா ரும்புட்டில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன். “குதிரை” என்றாள் அக்கா, யோசிக்காமல். “தலையில ரெண்டு கால தூக்கிட்டு நிக்குமே, மறந்துட்டியா?” தங்கா பத்துவில் இருக்கும் தம்பிக்குப் போட்டேன். “கழுகுலா! குதிரை எங்க வந்துச்சு? அக்காவுக்கு வயசாயிடுச்சு” என்றான். இரண்டு பேரையும் குடும்ப வாட்ஸ்அப்பில் மோதவிட்டுவிட்டு, பழைய படங்களைத் தேடி அனுப்பச் சொன்னேன். எல்லா விசேஷமும் அந்தக் கடிகாரத்துக்கு அடியில்தானே நடந்தது.

படங்கள் வந்தன. என் கல்யாணப் படத்தில் கடிகாரத்தின் முன்னால் என் மாமியாரின் கொண்டை. அக்காவின் பிள்ளைக்குப் பிறந்தநாள் எடுத்த படத்தில் ஒரு பலூன். அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தபோது எடுத்ததில் கடிகாரம் முழுசாகவே விழுந்திருந்தது, ஆனால் கண்ணாடியில் கேமராவின் வெளிச்சம் பட்டு முகம் ஒரே வெள்ளை. இன்னொன்றில் இரண்டு தலைகளுக்கு நடுவே பெண்டுலத்தின் அடிப்பக்கம் மட்டும் ஒரு பித்தளைக் காசு அளவுக்குத் தெரிந்தது. எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் பெரிய தலை என்பது மட்டும் உறுதியானது.

என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. எத்தனை ஆயிரம் முறை அதைப் பார்த்திருப்பேன்! பார்த்ததெல்லாம் இரண்டு முள்ளைத்தான். மணி தெரிந்ததும் கண் அங்கிருந்து கிளம்பிவிடும். துடைக்கும்போதுகூடக் கை கடிகாரத்திலும் மனசு அடுப்பிலும் இருந்தது.

“எனக்கும் ஞாபகமில்லம்மா” என்றார் பாய். “இந்த மாசம் அந்த லாரிக்காரன்கிட்ட நாலஞ்சு எடுத்தேன். எல்லாத்தையும் எண்ணெய் போட்டு ஓடவிட்டு மாட்டிட்டேன். சனிக்கிழமை ஜொகூர்லேருந்து ஒரு ரெஸ்டாரண்டுக்காரன் வரான். சுவர் அலங்காரத்துக்கு மொத்தமா கேட்டிருக்கான். அதுக்குள்ள பாத்துச் சொல்லுங்க. யாரு சாவி கொடுப்பாங்களோ அவங்களக் கூட்டிட்டு வாங்க. அவங்களுக்குத் தெரியும்.”

அங்கேதான் என் கதை மாட்டிக்கொண்டது. சாவி கொடுப்பவருக்குக் கண் தெரியாது. அதோடு, அவரைக் கூட்டிவருவதென்றால் ஒரு வாரமாகச் சொல்லிவந்த பொய்யைப் பிய்த்துக் காட்ட வேண்டும்.

புதன் போனது. வியாழன் போனது. மணி சொல்லிக்கொண்டே இருந்தேன். ஏதோ ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து மாட்டிவிடலாமா என்றுகூட ஒரு கேவலமான யோசனை வந்தது. வெள்ளிக்கிழமை காலை கூடத்துக்கு வந்தால், அண்ணன் குளித்து, திருநீறு பூசி, சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் கடிகாரச் சாவி.

வெள்ளிக்கிழமை சாவி கொடுக்கும் நாள். சாவி எப்போதும் அவருடைய சட்டைப் பையில்தான் இருக்கும், ஒரு காலத்தில் பஸ் சாவி இருந்த மாதிரி. கண் போனபிறகு, அவர் கைக்கு எட்டுவதற்காகவே கடிகாரத்தைக் கீழே இறக்கி மாட்டியிருந்தேன். விரலால் தடவி ஓட்டையைக் கண்டுபிடித்து அவரே திருகுவார். இந்த வீட்டில் அவர் இல்லாமல் நடக்காத வேலை அது ஒன்றுதான். புதுச் சாயம் அடித்த வெறும் சுவருக்கு எதிரில், அந்தச் சாவியை விரலால் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, கடிகாரம் ரிப்பேருக்குப் போகல.”

“தெரியும்.”

“என்னா தெரியும்?”

“லாரியில போச்சு. நான் வாசப் பக்கம்தான உக்காந்திருந்தேன்? முக்குல ரோட்டு மேட்டுல ஏறி எறங்கறப்ப அடிச்சிச்சு. மூணு அடிச்சிச்சு. நம்ம கடிகாரம் ஊர்வலம் போவுதேன்னு நெனைச்சேன்.”

எனக்கு வந்ததே கோபம்! பத்து நாள். நாக்கு வறள ஒவ்வொரு மணிக்கும் ஓடி ஓடி, பாயா ரும்புட் கொட்டகையில் கையை ஆட்டி, பாயிடம் அசிங்கப்பட்டு.

“அப்பவே கத்தியிருந்தா லாரிய நிறுத்தியிருப்பேன்ல? ஏன் சொல்லல?”

“நீதான எடுத்துக்கச் சொன்ன. உனக்கு வேணாம் போலன்னு நெனைச்சேன். அப்புறம் பாத்தா ரிப்பேர்னு சொல்ற. சரி, எவ்வளவு தூரம் போறான்னு பாப்போம்னு இருந்தேன்.”

‘உனக்கு வேணாம் போல’ என்றதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது சாதாரணமாக விழவில்லை. அண்ணன் என் வீட்டில் இருக்கிறார். அவர் கொண்டுவந்த பொருள்களை நான் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்திருக்கிறேன். கடிகாரமும் அந்த வரிசையில் போனதாக அவர் நினைத்திருக்கிறார், நினைத்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லத் தெரியாமல், “எந்திரி, டவுனுக்குப் போறோம். சாவிய எடுத்துக்கோ” என்று அதட்டினேன்.

கடைக்குள் காலை வைத்ததும் அண்ணன் நின்றுவிட்டார். பதினொரு கடிகாரங்களின் டிக் டிக் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துகொண்டிருந்தது. “என்னா இது, பஸ் ஸ்டாண்ட் மாதிரி இருக்கு!” என்றார். முகம் மலர்ந்திருந்தது.

பாய் நாற்காலி போட்டார். அண்ணனுடைய கண்ணைப் பற்றி நான் சொல்ல வாயெடுப்பதற்குள் புரிந்துகொண்டு, ஒன்றும் கேட்காமல், கடிகாரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசைமேல் வைத்தார். முதல் சோதனை சாவி. பதினொன்றில் எங்கள் சாவி பொருந்தியது மூன்றில்தான். மற்றவற்றில் சாவி நுழையவில்லை, அல்லது தொளதொளவென்று சுற்றியது. பதினொரு மாப்பிள்ளைகளில் மூன்று பேர் தேறியதுபோல் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

“இந்த மூணையும் சுவத்துல மாட்டி, ஒண்ணொண்ணா அடிக்க விடுங்க, பாய்” என்றார் அண்ணன்.

பாய் மற்றவற்றையெல்லாம் நிறுத்தினார். கடை சட்டென்று அமைதியானது. முதல் கடிகாரத்தின் முள்ளை மெல்ல நகர்த்திப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்தார். அது அடித்தது.

“இது தகர டப்பா” என்றார் அண்ணன்.

இரண்டாவது நிறுத்தி நிதானமாக அடித்தது. எனக்கு அதுதான் என்று தோன்றியது. தலையில் கழுகுகூட இருந்தது. தம்பி ஜெயித்துவிட்டான் என்று நினைத்தேன்.

“நல்ல குடும்பத்துக் கடிகாரம். நம்மளது இல்ல.”

மூன்றாவது அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே ‘கிர்ர்க்’ என்று ஒரு சத்தம் வந்தது. பேச ஆரம்பிக்குமுன் தொண்டையைச் செருமுகிற மாதிரி. அண்ணன் கையைத் தூக்கினார்.

“செருமுது பாரு! இதான்.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. நீளப் பெட்டி, ரோமன் எழுத்து, நாலு என்பதற்கு நாலு கோடு. தலையில் குதிரையும் இல்லை, கழுகும் இல்லை, வெறும் கட்டை. இதையா நான் துடைத்தேன்? “அண்ணே, நல்லாக் கேளு. தலையில ஒண்ணுமே இல்ல” என்றேன்.

“தலையத் தடவிப் பாரு. ரெண்டு சின்ன ஓட்டை இருக்கும்.”

தடவினேன். இருந்தன.

“குதிரை இருந்துச்சு. பந்து வெளையாடி நான்தான் ஒடச்சேன். நீ அப்ப தொட்டில்ல இருந்த. அக்கா அழுதா. தம்பி பொறக்கவே இல்ல, அவன் எங்க கழுகப் பாத்தான்?” என்று சொல்லிவிட்டு, கடிகாரத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்து, பெண்டுலத்தை விரலால் ஒதுக்கி, பின்பலகையில் கையை வைத்துத் தேய்த்தார். வெளியே எடுத்த விரல் நுனியில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

சந்தனம். வருடா வருடம் ஆயுத பூஜைக்கு அண்ணன் பஸ்ஸுக்குப் பொட்டு வைத்துவிட்டு, மிச்சச் சந்தனத்தோடு வீட்டுக்கு வந்து ஐஸ்பெட்டி, தையல் மெஷின், டிவி, கடிகாரம் என்று எல்லாவற்றுக்கும் வைப்பார். பஸ் போனபிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மறுநாள் நான் ஈரத்துணியோடு வந்து எல்லாவற்றையும் துடைத்துவிடுவேன். எனக்குக் கறை ஆகாது.

“நீ தொடச்சிடுறன்னுதான் உள்ள வச்சேன்” என்றார். “அங்க உன் துணி வராது.”

குனிந்து பார்த்தேன். சந்தனத்தின்மேல் சந்தனம், குங்குமத்தின்மேல் குங்குமம், ஒரு கட்டை விரல் அகலத்துக்கு, பல வருடத்துப் பொட்டு. ஈரத்துணிக்குத் தப்பிய ஒரே இடம்.

“எஸ்டேட் பக்கமிருந்து வர கடிகாரம் பாதிக்குப் பொட்டு இருக்கும், முன்பக்கம்” என்றார் பாய். “உள்ளுக்குள்ள பாத்தது இது ஒண்ணுதான். யாரோ ஆசையா வச்சதுன்னு நான் தொடைக்கல. நீங்க பொட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா செவ்வாய்க்கிழமையே முடிஞ்சிருக்கும்மா.”

சொல்ல எனக்குத் தெரிந்திருக்க வேண்டுமே.

விலையைப் பற்றிப் பேச மாட்டேன். நானே இனாமாகத் தூக்கிக் கொடுத்ததை நானே வாங்கினேன் என்று மட்டும் நினைத்தால் போதும், இன்னும் வயிறு எரிகிறது. பாய் தன் பங்குக்கு இரண்டு பக்கமும் முழுச் சாவி கொடுத்து, வண்டிவரை தூக்கிக்கொண்டு வந்தார். வரும் வழியெல்லாம் அண்ணன் அதை மடியில் வைத்திருந்தார். புக்கிட் காத்தில் திருப்பத்தில் ரோட்டு மேட்டில் ஏறி இறங்கியபோது அது மறுபடி அடித்தது. ஊர்வலம் திரும்பியது.

கடிகாரத்தைப் பழைய இடத்தில், அண்ணன் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டினோம். பத்து நிமிடம் முந்தி வைத்தோம். எல்லாம் பழையபடி ஆயிற்று.

அப்படித்தான் நினைத்தேன். அன்று சாயந்திரம் சமையலறையில் கையைத் துடைத்துக்கொண்டு மணி சொல்லக் கிளம்பினேன். கூடத்தில் கடிகாரம் செருமிவிட்டு நாலு அடித்தது. பாதி வழியில் நின்றுவிட்டேன். போய் என்ன சொல்வது? அவருக்குத்தான் கேட்டுவிட்டதே. திரும்பிப் போய் வெங்காயம் நறுக்கினேன். மறுநாளும் இப்படித்தான். மணிக்கு மணி கால் எழும்பும், கடிகாரம் அடிக்கும், கால் உட்காரும். வேலையிலிருந்து இரண்டாம் முறை ஓய்வு கொடுத்துவிட்டதுபோல் இருந்தது. அண்ணன் எட்டு அடித்தால் தானே மாத்திரை எடுத்தார். ஒன்று அடித்தால் மேசைக்கு வந்தார். யாரையும் மணி கேட்காத பழைய கௌரவம் அவருக்குத் திரும்பிவிட்டது. நானும் பழையபடி கத்த ஆரம்பித்தேன். சோறு தயார். துணி எடு. பத்து வார்த்தை.

அந்த வாரம் முழுக்க ஒரு கதைகூடக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதே எனக்கு ஐந்தாறு நாள் கழித்துத்தான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. அண்ணன் குளித்து, சட்டை போட்டு, கடிகாரத்துக்கு முன்னால் நின்றார். நான் சமையலறையில் முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன், திங்கட்கிழமை தீபாவளி. சாவி திருகும் சத்தம் கேட்டது. கிர்ர், கிர்ர். வலது பக்கம். நின்றது. கண்ணாடிக் கதவு சாத்தும் சத்தம். நாற்காலி இழுக்கும் சத்தம். எனக்கு ஏதோ குறைந்ததுபோல் இருந்தது. மாவு கையில் ஒட்டிக்கொண்டதால் அதைப் பற்றி மேலே யோசிக்கவில்லை.

சனிக்கிழமை காலை பத்து அடித்தபோதே சத்தம் சோர்ந்துபோயிருந்தது, கடைசி இரண்டு அடி வேண்டாவெறுப்பாக விழுந்தன. பன்னிரண்டுக்குச் செருமிவிட்டு, ஆறு அடித்து நின்றுவிட்டது. ஒன்றுக்கு ஒன்றுமில்லை. நான் போய்ப் பார்த்தேன். பெண்டுலம் ஆடிக்கொண்டிருந்தது. முள் சரியாக நகர்ந்துகொண்டிருந்தது. இப்போது எனக்கு இந்தக் கடிகாரத்தின் அங்க அடையாளமெல்லாம் தெரியும். வலது ஓட்டை ஓடுவதற்கு, இடது ஓட்டை அடிப்பதற்கு.

“அண்ணே, மணி அடிக்கலையே? இடது பக்கம் சாவி கொடுக்கலையா?”

“கொடுக்க நெனைச்சேன்லா. ஓட்டை கையில கெடைக்கல.”

சாவி நுழைவதை வைத்தே, செருமலை வைத்தே, பதினொன்றில் எங்கள் கடிகாரத்தைப் பிடித்தெடுத்த விரலும் காதும். ஒரு சாண் அகல முகத்தில் ஓர் ஓட்டை கிடைக்கவில்லையாம். யாரையும் மணி கேட்காமல் வாழ்ந்த மனிதர், அந்தக் கௌரவத்தைத் தானே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர்போல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வழக்கமாக வரும். அன்று வரவில்லை.

“சரி, நான் கொடுக்கறேன், சாவியத் தா” என்று சொல்லவில்லை. சமையலறைக்குத் திரும்பிப் போனேன். முறுக்கு பிழிந்தேன். சுவர்க் கடிகாரத்தையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததில் இரண்டு ஈடு கருகியது. பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு, மாவுக் கையோடு போய் அவர் எதிரில் நின்றேன்.

“மணி நாலுண்ணே.”

“போன் மணியா, கடிகார மணியா?”

“கடிகார மணி.”

“அப்ப போன் மணிக்கு மூணு அம்பதுதான். தேத்தண்ணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு” என்றார் அண்ணன். “உக்காரு.”